அந்த லாரியில் கேமரா ஏறவில்லை

நார்த்தாமலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூடிப் படம் பார்க்கிறோம். பெரிய ஏற்பாடு ஒன்றும் கிடையாது. துணி காயப்போடும் கொடியில் ஒரு வெள்ளை வேட்டி, தோழி ஒருத்தியிடம் இரவல் வாங்கிய புரொஜெக்டர், உட்கார இரண்டு பாய். என் மாணவிகள் ஏழெட்டுப் பேர், தெருவில் உள்ள அக்காக்கள் சிலர், கல்குவாரிக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு சித்தி. போன ஆண்டு ஒரு ஞாயிறு 'செல்லுலாய்டு' போட்டேன். 2013இல் வந்த மலையாளப் படம், 'ஜே.சி.டேனியல்' என்ற பெயரில் தமிழிலும் வந்தது. ஆசிரியைக்கே உரிய பழக்கத்தில் ஒரு முன்னுரையும் கொடுத்தேன்: "மலையாள சினிமாவின் முதல் நடிகை பி.கே.ரோசியைப் பற்றிய படம்."

படம் முடிந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி மட்டும் எழுந்திருக்கவில்லை. "அம்மா, அந்த அக்கா ராத்திரி ஓடிப்போனாங்களே, அப்புறம் என்ன ஆனாங்க? படம் அவங்கள அப்படியே விட்டுட்டு அவரு பின்னாலயே போயிருச்சே. நீங்க அவங்க படம்னுதானே சொன்னீங்க?"

அவளுடைய அம்மா நாடகத்தில் ஸ்திரீபார்ட். பங்குனியில் தொடங்கும் கோயில் திருவிழாக் காலம் முழுக்கப் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து ஊர்களில் வள்ளி வேடம் கட்டுகிறவர். மேடையை விட்டு இறங்கிய பிறகு ஒரு நடிகை எங்கே போகிறாள் என்பது அந்தப் பெண்ணுக்கு வீட்டுக் கேள்வி. எனக்கோ அது தோன்றவே இல்லை. அந்தப் படத்தை அதற்கு முன்பே மூன்று முறை வகுப்பில் காட்டியிருக்கிறேன். மூன்று முறையும் ரோசி பாதியில் மறைந்துபோவதைக் கதையின் இயல்பாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அவளுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்த பதில். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் என் மீதான பங்கும் உண்டு.

*

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்தில் புலையர் சமூகத்தில் பிறந்த பெண் ரோசி. புல் அறுத்து விற்ற கை; மாலையானால் காக்காரிசி நாடகம் ஆடிய கால். காக்காரிசி என்பது தமிழும் மலையாளமும் கலந்து பேசிப் பாடி ஆடும் தென் திருவிதாங்கூர்க் கூத்து. சிவனும் பார்வதியும் குறவன் குறத்தி போலக் காக்கானும் காக்காத்தியுமாக ஊருக்குள் வந்து கேலியும் தர்க்கமும் பேசுவார்கள். ஆண்களே பெண் வேடம் கட்டிவந்த அந்தக் கூத்தில் பெண்ணாக ஏறி நின்றவர் ரோசி.

அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே.சி.டேனியல், திருவனந்தபுரத்தில் 'டிராவன்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்ற ஸ்டுடியோவைத் தொடங்கி, சொத்தை விற்று 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். மலையாள மண்ணின் முதல் கதைப்படம். பம்பாயிலிருந்து வரவழைத்த நடிகை சரிப்படாமல் போகவே ரோசிக்கு வாய்ப்பு வந்தது. பாத்திரத்தின் பெயர் சரோஜினி. அவள் ஒரு நாயர் பெண்.

படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் வெளியானது. ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கணக்குகள் உண்டு. தன் படத்தின் முதல் காட்சியைப் பார்க்க ரோசிக்கு அனுமதி இல்லை. அவர் வந்தால் பெரிய மனிதர்கள் வரமாட்டார்கள். நாயகன் அவர் கூந்தல் பூவை எடுத்து முத்தமிடும் காட்சியில் திரை மீது கல் விழுந்தது. பிறகு குடிசைக்கு நெருப்பு வைத்தார்கள். ரோசி ஓடினார். வழியில் வந்த ஒரு லாரியில் ஏறினார். அந்த லாரியின் ஓட்டுநர் கேசவ பிள்ளையை மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து மறைந்தார். 'விகதகுமாரன்' படச்சுருளில் ஒரு துண்டுகூட இன்று இல்லை. ரோசியுடையது என்று உறுதியாகச் சொல்லத்தக்க புகைப்படமும் இல்லை.

இதில் எத்தனை படத்துக்கான கதை இருக்கிறது என்று பாருங்கள். இயக்குநர் கமல் (நம் கமல்ஹாசன் இல்லை, மலையாள இயக்குநர்) எடுத்தது ஒரு கதையை: நம்பி வீணாய்ப்போன ஒரு ஆண்மகனின் கதை. பிருத்விராஜ் டேனியலாக வருகிறார். ரோசியாகச் சாந்தினி என்ற புதுமுகம் நன்றாகவே நடித்திருக்கிறார். கல்லெறியும் ஓட்டமும் வரை ரோசி இருக்கிறார். அதன் பின் டேனியலின் பல் மருத்துவமனை, டேனியலின் வறுமை, டேனியலின் முதுமை. மறுபடி படமெடுக்கும் ஆசையை டேனியலுக்கு மூட்டிப் பணத்தைக் கரைக்க வைப்பவராக எங்கள் ஊர் நட்சத்திரம் பி.யு.சின்னப்பாகூட வருகிறார். புதுக்கோட்டைச் சின்னப்பாவுக்குப் படத்தில் இடம் உண்டு. நாகர்கோவில் ராஜம்மாளுக்கு இல்லை.

இறுதியில் டேனியலின் மகன் மேடையேறுகிறார். சின்ன வயதில் விளையாட்டாகப் படச்சுருளுக்குத் தீ வைத்தது தானே என்று ஒப்புக்கொண்டு கலங்குகிறார். அரங்கம் அழுகிறது. எங்கள் மாடியிலும் அழுதார்கள். எரிந்த ரீலுக்கு மன்னிப்புக் கேட்க ஒரு மேடை, ஒலிபெருக்கி, கூட்டம் எல்லாம் உண்டு. எரிந்த குடிசைக்காக அந்த மேடையில் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தப் படத்துக்குத்தான் கேரள அரசின் சிறந்த திரைப்பட விருதும், சிறந்த மலையாளப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தன.

*

இப்போது மறுப்புகள் வரும். வகுப்பிலும் வெளியிலும் கேட்டவைதாம்.

"படத்தின் நாயகன் டேனியல். டேனியலைப் பற்றிய படத்தில் ரோசியைத் தேடலாமா?" சரி. அப்படியானால் சுவரொட்டியிலும் பேட்டியிலும் விருது மேடையிலும் ரோசிக்கு நியாயம் செய்த படம் என்று பெயர் வாங்கிக்கொள்ளாதீர்கள். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. கதையின் வலி முழுவதும் ரோசியிடமிருந்து வருகிறது; அனுதாபம் முழுவதும் டேனியலுக்குப் போகிறது. காயம் அவளுடையது, கதை அவருடையது. டேனியல் பட்ட துன்பத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவரும் சாதியால் அடிபட்டவர். அவர் பிறந்த நாடார் சமூகத்துப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகத் தெருவில் அடிபட்டு, 1859 அரசாணை வரை போராடியவர்கள். ஆனால் தோற்றுப்போனாலும் டேனியலுக்கு 'தந்தை' என்ற பட்டம் காத்திருந்தது. 1992 முதல் கேரள அரசு சினிமாவுக்குக் கொடுக்கும் உயரிய விருது அவர் பெயரில் இருக்கிறது. தந்தை என்று ஒருவரைக் கண்டுபிடித்தவுடன் சினிமாவின் வரலாறு குடும்ப வரலாறாகிவிடுகிறது. அந்தக் குடும்பத்தில் ரோசிக்கு என்ன உறவு? படம் கொடுத்த பதில்: அய்யாவின் வீட்டில் அடிபட்ட பெண்.

"ஆதாரம் இல்லையே, ரோசியின் பின்வாழ்க்கையை எப்படி எடுப்பது?" இதுதான் படித்தவர்கள் சொல்லும் மறுப்பு. டேனியலும் அவர் மனைவியும் படுக்கையறையில் பேசிக்கொண்டதற்கு எந்த ஆவணக் காப்பகத்தில் ஆதாரம் இருந்தது? பாட்டுக்கும் மழைக்கும் கல்வெட்டு கிடைத்ததா? டேனியலுக்காகக் கற்பனை செய்தார்கள், செய்யலாம், அது கலைஞரின் உரிமை. ரோசியிடம் வந்தவுடன் கலைஞர் சட்டென்று வரலாற்றாசிரியர் ஆகிவிடுகிறார். ஆதாரம் கேட்கிறார்.

ஆதாரமே இல்லை என்பதும் உண்மையில்லை. குன்னுகுழி எஸ்.மணி என்ற எழுத்தாளர் 1970களிலிருந்தே ரோசியைத் தேடி எழுதிவந்தவர். வினு ஆபிரகாம் 2008இல் 'நஷ்ட நாயிகா' என்று நாவலே எழுதினார். படம் அந்த நாவலுக்கும் கடன்பட்டது. 'நஷ்ட நாயிகா' என்றால் தொலைந்த நாயகி. தொலைந்தாரா? எங்கே?

இங்கே ஒரு சின்ன புவியியல் பாடம் தேவைப்படுகிறது. ரோசி 'தமிழ்நாட்டுக்குத் தப்பி ஓடினார்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அவர் ஓடிய ஆண்டில் நாகர்கோவில் தமிழ்நாட்டில் இல்லை. அது திருவிதாங்கூர். அதே மகாராஜா, அதே போலீஸ், அதே சாதிச் சட்டம். கன்னியாகுமரி மாவட்டமாகி அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1ஆம் தேதி. ரோசி எல்லை தாண்டவில்லை. கால் நூற்றாண்டு கழித்து எல்லைதான் அவரைத் தாண்டிப் போனது. திருவனந்தபுரத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில் அவர் சமைத்தார், துவைத்தார், பிள்ளை பெற்றார். 'செல்லுலாய்டு' படத்தில் ஒரு பத்திரிகையாளர் டேனியலைத் தேடி அகஸ்தீஸ்வரம் போகிறார். கேரளத்திலிருந்து அகஸ்தீஸ்வரம் போகிறவர் நாகர்கோவிலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டித்தான் போனார்கள். ரோசி தொலையவில்லை. யாரும் அங்கே இறங்கவில்லை, அவ்வளவுதான்.

*

கல் ஏன் விழுந்தது என்பதையும் படம் பாதிதான் சொல்கிறது. 'கீழ்ச்சாதிப் பெண் நடித்ததால்' என்று சொல்லி முடித்துக்கொள்கிறது. அதற்குப் பின்னால் நகையும் துணியும் இருக்கின்றன.

திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் கழுத்தில் கல்லும் பாசியும் கோத்த மாலைதான் அணிய வேண்டும் என்று விதி இருந்தது. அது அழகுக்கான நகை இல்லை, அடையாளச் சீட்டு. தூரத்தில் வரும்போதே இவள் இன்னார் என்று தெரிய வேண்டும். 1915இல் கொல்லத்தில் அய்யங்காளி கூட்டிய கூட்டத்தில் பெண்கள் அந்தக் கல்லுமாலைகளை அறுத்து மேடைக்கு முன்னால் குவித்தார்கள். அந்தக் குவியலுக்கும் 'விகதகுமாரன்' வெளியான நாளுக்கும் நடுவே பதினைந்து ஆண்டுக்கு மேல் இல்லை. அதே சமூகத்துப் பெண் ஒருத்தி, கல்லுமாலை இருந்த கழுத்தில் நாயர் வீட்டு நகையைப் போட்டுக்கொண்டு, ஓர் ஆள் உயரத் திரையில், இருட்டில், எல்லாரும் அண்ணாந்து பார்க்கும்படி நடந்து வருகிறாள். ஒரு ஆண் அவள் தலைப்பூவை முத்தமிடுகிறான். பார்த்தவர்களுக்குத் திகில் பிடித்ததற்குக் காரணம் அவள் மோசமாக நடித்தது இல்லை. நன்றாக நடித்துவிட்டாள். ஒரு புலையப் பெண்ணால் நாயர் பெண்ணாக இருக்க முடியுமென்றால் நாயர் பெண் என்பதே ஒரு வேடம்தான் என்று ஆகிவிடுகிறதே. கல்லை அந்த உண்மையின் மேல் எறிந்தார்கள்.

இந்த இடத்தில் ரோசி ஒரு கலகக்காரியாகத் தெரிகிறார், இல்லையா? படத்தின் ரோசியோ ஒடுங்கி நிற்பவள்; தன்னை மனுஷியாக நடத்தும் டேனியலின் பெருந்தன்மையில் கரைந்துபோகிறவள். கூத்து மேடையில் ராத்திரி முழுக்கச் சபையைக் கட்டியாண்ட ஒருத்திக்குக் கேமராவின் முன்னால் நிற்கும் திமிர் கொஞ்சமும் இருந்திருக்காதா? மலையாளத் திரையில் இன்று ஒரு தலித் பெண்ணால் நாயர் வேடம் ஏற்க முடியுமா என்று, படம் வந்த ஆண்டிலேயே ஜென்னி ரொவீனா கேட்டார். படத்தைக் கொண்டாடிய மேடைகளில் அந்தக் கேள்வியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கேரளத்தைச் சொல்லிவிட்டு நான் மலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ள முடியாது. எனக்கு எட்டு வயதிருக்கும். திருவிழாவில் 'வள்ளி திருமணம்' நாடகம். வீடு பொட்டலை ஒட்டி இருந்ததால் ஸ்திரீபார்ட் அம்மா சேலை மாற்ற இடம் கேட்டு வந்தார். அப்பத்தா அவரை வீட்டுக்குள் விடவில்லை, மாட்டுக்கொட்டகையைக் காட்டினார். குடிக்கத் தண்ணீர் கேட்டபோது செம்பில் கொடுத்தார். அந்தம்மா அண்ணாந்துதான் குடித்தார், உதடு படவில்லை. ஆனாலும் அவர் போனதும் அப்பத்தா அந்தச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்தார். அன்று ராத்திரி வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் விடியவிடிய நடந்தது. எழுதிவைத்த வசனம் கிடையாது. அங்கேயே கட்டி அங்கேயே அவிழ்க்க வேண்டும். அந்தம்மா நாரதரை மூன்று முறை வாயடைக்க வைத்தார். முன்வரிசையில் உட்கார்ந்து "சபாஷ்டி ஆத்தா" என்று கத்தியது என் அப்பத்தாதான்.

அப்பத்தா கல் எறியவில்லை. செம்பைத்தான் தேய்த்தார். மேடையில் இருக்கும்வரை வள்ளி, இறங்கினால் தீட்டு. 'செல்லுலாய்டு' ரோசியைத் திரையில் வைத்துக் கண்ணீர் விட்டுவிட்டு, அவர் ஊரைவிட்டு ஓடியதும் கதையைத் தேய்த்துக் கழுவிக்கொள்வதும் இதே வேலைதான்.

*

அந்த மாணவியின் கேள்விக்குப் பிறகு, அடுத்த மாதமே அதே வேட்டியில் வேறு ஒரு படம் போட்டேன். ஹாங்காங் இயக்குநர் ஸ்டான்லி க்வான் 1991இல் எடுத்த 'சென்டர் ஸ்டேஜ்'. சீன மௌனப் பட நடிகை ரூவான் லிங்யூவின் வாழ்க்கை. ஆங்கில வரிகளை நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். இரண்டு அக்காக்கள் தூங்கிவிட்டார்கள். மற்றவர்கள் கடைசிவரை பார்த்தார்கள்.

ரூவான் 1910இல் ஷாங்காயில் பிறந்தவர். அம்மா வீட்டு வேலைக்காரி. அந்தப் பணக்கார வீட்டுப் பையனோடு பதினாறு வயதில் தொடங்கிய வாழ்க்கை கசந்துபோனது. பிரிந்த பின்னும் அவன் பணம் கேட்டான், பிறகு வழக்குப் போட்டான். பத்திரிகைகள் அவளை மென்று துப்பின. 1934இல் வந்த 'தேவதை' படத்தில் பிள்ளையைப் படிக்கவைக்க உடலை விற்கும் தாயாக நடித்தவர். இன்றும் அந்தப் படத்தைப் பார்க்கலாம். அடுத்து 'புதிய பெண்கள்' என்ற படம். அது அய் ஷியா என்ற நடிகையின் தற்கொலையை ஒட்டி எடுத்தது. அது வெளியான சில வாரங்களில் ரூவானும் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தேதி 1935 மார்ச் 8, உலகப் பெண்கள் தினம். வயது 24. 'ஊர்ப்பேச்சு அஞ்சத்தக்கது' என்ற பொருளில் அவர் எழுதிவைத்ததாக ஒரு குறிப்பைப் பத்திரிகைகள் வெளியிட்டன. எழுத்தாளர் லூ சுன் அதை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார்: வலியவர் முன்னால் வாலைச் சுருட்டும் பத்திரிகை, தனக்கு எளிய ஒரு பெண்ணின் முன்னால் எவ்வளவு பெரிய அதிகாரமாகிவிடுகிறது என்பதுதான் அதன் சாரம்.

க்வானும் ஆண்தான். அவர் படத்திலும் ரூவானின் ஆண்கள் நிறைய இடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். ரூவானாக நடிக்கும் மேகி சியூங்கை மேகியாகவே உட்காரவைத்துப் பேச விடுகிறார். ஐம்பது ஆண்டு கழித்து உன்னை யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார். மேகி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புகழின் உச்சியில் இளமையிலேயே நின்றுபோனவர் ரூவான், என்னை நினைவில் வைத்தாலும் அது வேறாகத்தான் இருக்கும் என்கிறார். ரூவானோடு நடித்த லி லிலி போன்றவர்கள் கிழவிகளாக வந்து பேசுகிறார்கள். மிஞ்சிய படத்துண்டுகளைக் காட்டுகிறார். மிஞ்சாத படங்களை நடித்துக் காட்டி, இது இன்று இல்லை என்று சொல்லிவிடுகிறார். நாம் பார்ப்பது ரூவானை இல்லை, ரூவானைத் தேடும் ஒரு நடிகையை என்பதைப் படம் மறைக்கவில்லை. மேகி இதற்காக 1992இல் பெர்லினில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி வாங்கினார்.

ஆதாரம் இல்லை என்றவர்களுக்கு இதுதான் பதில். இல்லாததை இல்லை என்றே காட்டுங்கள். வெற்றுத் திரையைக் காட்டுங்கள். நாகர்கோவில் தெருவை வெறுமனே காட்டிக்கொண்டு, இங்கே ஒரு பெண் வாழ்ந்தார், அவர் என்ன பேசினார் என்று எவரும் எழுதிவைக்கவில்லை என்று சொல்லுங்கள். அந்த மௌனத்தையும் பார்வையாளர் கேட்கட்டும்.

அந்தத் தெருவில்தான் ரோசி தன் வாழ்வின் மிகப் பெரிய வேடத்தைக் கட்டினார். கேசவ பிள்ளை நாயர். பிள்ளைகள் நாயர்களாக வளர்ந்தார்கள். அம்மாவின் சினிமாவைப் பற்றி அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. நினைத்துப் பாருங்கள். சில காட்சிகளில் நாயர் பெண்ணாக வந்ததற்குக் குடிசையைக் கொளுத்தினார்கள். அதே வேடத்தை அவர் அதன்பின் ஆயுள் முழுக்க, பகலும் இரவும், வெட்டு இல்லாமல், சம்பளம் இல்லாமல், கைதட்டல் இல்லாமல் நடித்தார். யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பேச்சு, சமையல், சேலைக்கட்டு, சாமி கும்பிடும் விதம், ஒப்பாரி, எல்லாவற்றையும் மாற்றியிருக்க வேண்டும். பழைய பாட்டு ஒன்று வாய்க்குள் வரும்போது விழுங்கியிருக்க வேண்டும். சாதி என்பது வேடம் என்று ஒரு திரையில் காட்டியவர், அதை வாழ்க்கை முழுதும் நிரூபித்துக்கொண்டே இருந்தார். நிரூபித்தது வெளியே தெரிந்தால் உயிர் போகும். இதைவிடப் பெரிய கதை எந்த இயக்குநருக்கு வேண்டும்? இந்தக் கதை தொடங்கும் இடத்தில்தான் கேமரா லாரியை விட்டு இறங்கி நின்றுவிட்டது. சரியாகச் சொன்னால், அது ஏறவே இல்லை.

*

ரோசிக்கு மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். நடிகையின் வாழ்க்கையைப் படமெடுப்பது என்றால் நம் ஊரில் அவள் விழுந்ததைப் படமெடுப்பது. 2011இல் வந்த 'தி டர்ட்டி பிக்சர்' சில்க் ஸ்மிதாவின் உடலை மறுபடி விற்றுவிட்டு, இது அவர் மட்டுமே இல்லை என்றும் சொல்லிக்கொண்டது. 2018இன் 'நடிகையர் திலகம்' அதைவிட மேலானது. கீர்த்தி சுரேஷின் உழைப்பு பெரிது. ஆனாலும் அந்தப் படத்தை விட்டு எழுந்துவந்தவர்கள் எங்கள் புதுக்கோட்டைக்காரரான ஜெமினி கணேசன் நல்லவரா கெட்டவரா என்றுதான் சண்டை போட்டார்கள். சாவித்திரி படங்களை இயக்கினாரே, அந்தப் படங்களில் கேமராவை எங்கே வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

விழாதவளுக்குப் படமே கிடையாது. திருவையாற்றில் பிறந்த டி.பி.ராஜலட்சுமி சிறுவயதில் மணமாகி, அந்த மணம் முறிந்து, நாடகக் கம்பெனியில் சேர்ந்து, மௌனப் படங்களில் நடித்து, 1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' நாயகி ஆனார். 1936இல் தன் நாவலைத் தானே 'மிஸ் கமலா' என்று இயக்கினார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர். மறுபடி எழுந்து, எழுதி, இயக்கியவர் என்பதால் அவர் கதையில் நம் தயாரிப்பாளர்களுக்கு வேண்டிய கண்ணீர் இல்லை போலும்.

பெண்கள் தாங்களே சிலவற்றைத் தொடங்கியிருக்கிறார்கள். மலையாளத்தில் 'விமன் இன் சினிமா கலெக்டிவ்' 2019இல் ரோசி பெயரில் திரைப்படக் கழகம் அமைத்தது. நடிகை ஒருவர் மீதான தாக்குதலுக்குப் பின் 2017இல் உருவான அமைப்பு அது. அவர்கள் கேட்டு அமைந்த ஹேமா குழுவின் அறிக்கை 2019இல் அரசின் கைக்குப் போய், 2024 ஆகஸ்டில்தான், அதுவும் பல பக்கங்களை எடுத்துவிட்டு, வெளியே வந்தது. கல்லெறிகிறவர்கள் இப்போது கோப்பைப் பூட்டிவைக்கிறார்கள். சென்னையில் ப.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் ரோசி பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் ரோசியை வரைந்து வைத்தது. முகம் தெரியாத பெண்ணுக்கு உலகம் ஒருநாள் ஒரு முகம் வரைந்தது. நல்லதுதான். ஆனால் நாகர்கோவிலில் அவர் வாழ்ந்த தெருவில் ஒரு பெயர்ப்பலகை வைக்கக்கூட நம்மில் யாரும் இன்னும் குரல் எழுப்பவில்லை. ரோசி மலையாளத்தின் முதல் நடிகை என்றால் ராஜம்மாள் நம் ஊர்க்காரி. அவரை மறந்ததில் பாதிக் கணக்கு நம்முடையது.

*

எங்கள் மேலமலையில் விசயாலய சோழீச்சரத்துக்கு எதிரே ஒரு சிறிய குடைவரை இருக்கிறது. பெயர் பழியிலி ஈச்சரம். 9ஆம் நூற்றாண்டில் சாத்தன் பழியிலி என்ற முத்தரையர் தலைவன் குடைவித்தது. அதற்கு முகமண்டபம் எடுத்து நந்தி வைத்தது அவன் மகள். கல்வெட்டு அவள் பெயரைச் சொல்கிறது: பழியிலி சிறியநங்கை. அப்பன் பெயரையும் புருஷன் பெயரையும் ஒட்டித்தான் சொல்கிறது. இருந்தாலும் பெயர் இருக்கிறது, செய்த வேலை இருக்கிறது. அவள் செய்தாள் என்று இருக்கிறது, அவளுக்கு நேர்ந்தது என்று இல்லை. என் மாணவிகளை அங்கே கூட்டிப்போகும்போதெல்லாம் 'பழி இல்லாதவர்' என்ற அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்போம். ரூவானைத் தின்றதும் ரோசியைத் துரத்தியதும் அந்தப் பழிதானே.

கேள்வி கேட்ட மாணவி இந்தப் பங்குனியில் தன் அம்மாவின் நாடகத்தைச் செல்போனில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறாள். தர்க்கம் முழுவதையும். அம்மாவுக்கு முதலில் கூச்சம். "எதுக்குடி இதெல்லாம், யாரு பாக்கப்போறா" என்றாராம். இவள் விடவில்லை. மேடைக்குப் போகும் முன்னால் அம்மாவைக் கேமரா பக்கம் திருப்பி, பெயரும் ஊரும், யாரிடம் பாட்டுப் படித்தார், எத்தனை வயதில் முதல் வேடம், முதல் சம்பளம் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாள். நாடகம் முடிந்து விடியற்காலையில் அம்மா வேனில் ஏறும்போது இவளும் கூடவே ஏறி, வீடு வந்து, அரிதாரம் கலைத்து, உலை வைக்கும்வரை நிறுத்தாமல் எடுத்திருக்கிறாள்.

அதை அடுத்த ஞாயிறு எங்கள் மாடியில் போடுகிறோம்.